முதல் டிஎஸ்எல்ஆர்: ஆட்டோவா, மேனுவலா, நடுவே இருக்கும் ஏவியா?

புதுக் கேமராவின் பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி, மெமரி கார்டைச் செருகியதுமே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. மேலே இருக்கும் வட்ட டயலை எதில் வைப்பது? பச்சை ஆட்டோவிலா, எம் என்கிற மேனுவலிலா, இரண்டுக்கும் நடுவே பி, டிவி, ஏவி என்று குறித்திருக்கும் இடங்களில் ஒன்றிலா? இணைய வகுப்பு எடுப்பவர் மேனுவலைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். ஏற்கெனவே கேமரா வைத்திருக்கும் உறவினர், ஆட்டோவிலேயே எடு, நன்றாகத்தான் வரும் என்கிறார். முதல் சில மாதங்களை எதில் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கேமரா கையிலேயே இருக்கிறதா, பீரோவுக்குள் போகிறதா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அதனால் இதை ஆற அமர யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேனனாக இருந்தால் ஏவி, நிக்கானாக இருந்தால் ஏ. அதாவது அபெர்ச்சரை நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. கூடவே, கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்கிற ஒரே ஒரு பொத்தானைப் பழகிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் கைவந்த பிறகு மேனுவலுக்குப் போனால் போதும். கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களையும், அவற்றோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டும் 2018இல் வந்தவை. இன்று முதல் டிஎஸ்எல்ஆர் என்று பலர் கைக்கும், குறிப்பாக இரண்டாம் கையாக வாங்குவோர் கைக்கும் வருவது இவைபோன்ற கேமராக்கள்தான்.

அடிப்படையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தின் அளவு அபெர்ச்சர். எஃப் 4, 5.6, 8, 11 என்று எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கிறது, ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. ஒளியைப் பதியும் சென்சாரை மறைத்திருக்கும் திரைதான் ஷட்டர், அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞையை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது ஐஎஸ்ஓ. படத்தின் வெளிச்சம் இந்த மூன்றையும் சார்ந்தது. ஆனால் முதல் இரண்டுக்கும் இன்னொரு வேலையும் உண்டு. எவ்வளவு ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும் என்பதை அபெர்ச்சரும், அசைவு உறையுமா இழுபடுமா என்பதை ஷட்டரும் தீர்மானிக்கின்றன. கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது வேலையைத்தான். வெளிச்சத்தைக் கணக்கிடுவதைக் கேமரா ஓரளவு நன்றாகவே செய்கிறது.

ஆட்டோ எங்கே கைவிடுகிறது

ஆட்டோவில் எடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கோயில் திருவிழாவில் தேர் நகரத் தொடங்கிவிட்டது, கேமராவை அன்றுதான் தொட்டிருக்கிறீர்கள் என்றால் ஆட்டோவில் எடுங்கள். படம் கிடைக்காமல் போவதைவிட அது மேல்.

ஆனால் ஆட்டோவில் முடிவுகள் எல்லாம் மறைவில் நடக்கின்றன. கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் குறைந்ததும் ஃபிளாஷ் தானாக எழுந்து நிற்கிறது. அந்தச் சின்ன ஃபிளாஷ் சில மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். முன்னால் இருப்பவர் முகம் வெளிறிப்போய், பின்னால் இருக்கும் மேடை அலங்காரம் இருட்டில் மூழ்கிவிடுகிறது. ஃபோகஸும் அப்படித்தான். கேமரா தானாகத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. மணப்பெண்ணின் முகம் வேண்டும் என்று நினைத்து அழுத்துகிறோம். அவருக்கு முன்னால் நீட்டியிருக்கும் சீர்வரிசைத் தட்டில் உள்ள வெற்றிலை துல்லியமாக விழுகிறது. ஏன் இப்படி ஆனது என்று தெரிவதில்லை. அதனால் அடுத்த படமும் அதிர்ஷ்டத்தின் கையில்தான் இருக்கிறது.

ஆட்டோவிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும், பலர் அதைச் செய்வதில்லை. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது தகவல் பொத்தானை அழுத்தினால், கேமரா எந்த அபெர்ச்சர், எந்த ஷட்டர், எந்த ஐஎஸ்ஓ வைத்தது என்பது தெரியும். டயலில் உள்ள போர்ட்ரெய்ட் படத்தையும் ஓட்டக்காரர் படத்தையும் மாற்றி மாற்றி வைத்து ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். முதலாவது துவாரத்தை விரிக்கப் பார்க்கிறது, இரண்டாவது ஷட்டரை விரட்டுகிறது. ஒரு மாலை நேரத்தில் இதைப் பார்த்து முடித்துவிடலாம். அதற்குமேல் ஆட்டோவிடம் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

மேனுவல் மீதான மயக்கம்

மேனுவலில் எடுப்பவர்தான் உண்மையான புகைப்படக் கலைஞர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பென்டாக்ஸ் கே1000 என்ற ஃபிலிம் கேமரா 1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்தது. அதில் ஆட்டோ என்பதே கிடையாது. உலகெங்கும் எத்தனையோ பேர் அதில்தான் தொழில் கற்றார்கள். ‘அவர்கள் அப்படித்தானே கற்றார்கள், நாமும் அப்படியே கற்போம்’ என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தக் கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஐஎஸ்ஓவை ஃபிலிம் சுருள் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். மிச்சம் இருப்பவை இரண்டே இரண்டு. அபெர்ச்சருக்கு லென்ஸில் ஒரு வளையம், ஷட்டருக்கு மேலே ஒரு டயல். இரண்டும் தனித்தனி இடத்தில், எண்கள் பொறித்து, கண்ணெதிரே இருக்கும். 1500டியிலோ விரலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சக்கரம்தான். மேனுவலில் அதைச் சுழற்றினால் ஷட்டர் மாறும். அபெர்ச்சரை மாற்றவேண்டுமானால் பின்புறம் இருக்கும் ஏவி பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். டி3500இலும் இதே கதைதான். ஐஎஸ்ஓவுக்கு இன்னொரு பொத்தான். இதற்குள் திண்ணையில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை எழுந்து போயிருக்கும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. மேனுவலில் புதிதாக எடுப்பவரைப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் அடியில், ஒளியை அளக்கும் மீட்டரின் குறி நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைச் சுழற்றுகிறார், நடுவுக்கு வந்ததும் அழுத்துகிறார். குறியை நடுவுக்குக் கொண்டுவருவது கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும் வேலை. அதே முடிவை, அதே மீட்டரை நம்பி, கையால் மெதுவாகச் செய்கிறார். மீட்டர் தவறும் இடத்தில் அவரும் சேர்ந்தே தவறுகிறார். உழைப்பு கூடியிருக்கிறது, படத்தின் மீதான ஆளுமை கூடவில்லை.

ஏவியில் என்ன நடக்கிறது

மீட்டர் எங்கே தவறும்? கேமராவின் மீட்டர் உலகத்தை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்கிறது. வெள்ளையோ கறுப்போ, எதைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும். சுண்ணாம்பு அடித்த சுவரின் முன், வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரம், நிழலான திண்ணை. ஏவியில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200. கேமரா 1/250 விநாடி என்கிறது. எடுத்தால் வேட்டி துவைக்காத துணிபோல் மங்கி, முகம் கறுத்துப்போகிறது. இப்போது ஏவி பொத்தானை (இந்த முறையில் அதுதான் காம்பன்சேஷன் பொத்தான்) அழுத்திப் பிடித்து, சக்கரத்தைச் சுழற்றி, குறியைப் பிளஸ் 1க்குக் கொண்டுபோங்கள். ஷட்டர் 1/125 ஆகிறது, இரண்டு மடங்கு ஒளி. வேட்டி வெள்ளையாகிறது, முகத்தில் சுருக்கங்கள் தெரிகின்றன. கறுங்கல் நந்தியை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. கேமரா கறுப்பைச் சாம்பலாக்க முயன்று கல்லை வெளிறச் செய்யும். மைனஸ் 1க்குக் குறைத்தால் கல் தன் கறுப்புக்குத் திரும்பும்.

எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு, அதற்கு எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்று ஒளியைப் பார்த்துச் சொல்லும் பழக்கம்தான் எக்ஸ்போஷர் கற்பது. ஏவியில் அதற்கு ஒரு பொத்தான் போதும். மீதிக் கவனத்தை முகத்தின் மீதும் சட்டகத்தின் மீதும் வைக்கலாம்.

டிஎஸ்எல்ஆரில் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரில் படம் எப்படி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிவது உள்ளிருக்கும் கண்ணாடியில் பட்டு வரும் நிஜக் காட்சி. படம் இருட்டாக வரப்போகிறது என்றாலும் அது பிரகாசமாகவே தெரியும். திரையைப் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. வெயிலில் நல்ல படமும் இருட்டாகத் தெரியும், இருட்டறையில் மோசமான படமும் ஜொலிக்கும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா, வெள்ளைப் பகுதிகள் விட்டுவிட்டு மின்னுகின்றனவா என்று பார்ப்பதை முதல் வாரத்திலேயே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏவிக்குப் பதில் டிவி, அதாவது நாம் ஷட்டரை வைத்துக் கேமரா அபெர்ச்சரை வைக்கும் முறை, ஏன் கூடாது என்று கேட்கலாம். கூடாது என்பதில்லை, ஓட்டப்பந்தயம், கபடி என்றால் அதுவே கை கொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் அது அடிக்கடி ஏமாற்றும். 18 மி.மீ.யில் கிட் லென்ஸின் துவாரம் எஃப் 3.5 முதல் 22 வரைதான் போகும். ஐந்து படிகளுக்குச் சற்றே அதிகம். ஷட்டரோ 30 விநாடியிலிருந்து 1/4000 விநாடி வரை, சுமார் 17 படிகள் நகரும். ஏவியில் கேமராவுக்கு விளையாட இவ்வளவு இடம் இருப்பதால் படம் கன்னங்கரேலென்று வருவது அபூர்வம். டிவியில் மாலை நேரத்தில் 1/1000 என்று வைத்தால், துவாரம் முழுவதும் திறந்தும் ஒளி போதாமல் எண் மின்னிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் எடுத்துத் தள்ளினால் அத்தனையும் இருட்டு.

ஏவிக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஒளி குறையும்போது அது சத்தமில்லாமல் ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். 1/15 வரை இறங்கிவிட்டதைக் கவனிக்காமல் எடுத்தால், அசைந்த முகம் இழுபட்டுவிடும். லென்ஸில் உள்ள ஐஎஸ் அல்லது விஆர் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும், எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல. ஆகவே அழுத்துவதற்கு முன் வியூஃபைண்டரில் ஷட்டர் எண்ணைப் பார்ப்பது கட்டாயம். உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125, ஓடி விளையாடும் குழந்தைக்கு 1/500 என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். நிக்கானில் ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குறிக்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே 1/125 என்று வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். படத்தில் மணல்மணலாகப் புள்ளி விழுமே என்று ஐஎஸ்ஓ 1600க்குப் பயப்படவேண்டாம். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் எல்லாரும் ரசிப்பார்கள். இழுபட்ட முகத்தை யாரும் ரசிக்கமாட்டார்கள்.

ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். 1500டியில் இருக்கும் ஒன்பது புள்ளிகளில் நடுவில் உள்ளது மட்டுமே இரண்டு திசையிலும் கோடுகளை உணரும் குறுக்குவகைப் புள்ளி. மங்கிய ஒளியில் மற்றவை தடுமாறும்போதும் அது பிடிக்கும். கண்ணின் மீது அதை வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, சட்டகத்தைச் சரிசெய்து, முழுதாக அழுத்துவது. சட்டகத்தைச் சரிசெய்யும்போது முன்னும் பின்னும் சாய்ந்துவிடக் கூடாது.

கிட் லென்ஸோடு இருப்பதா, 50 மி.மீ. வாங்குவதா?

அடுத்து எல்லாரையும் அரிக்கும் கேள்வி இது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் விலையும் குறைவு, எடையும் குறைவு. பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலர் கேமரா வாங்கவே நினைக்கிறார்கள்.

மண்டபக் கணக்கைப் பார்த்தால் இந்த லென்ஸின் பெருமை விளங்கும். கிட் லென்ஸை 55 மி.மீ.யில் வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. சுமாரான விளக்கொளியில் ஐஎஸ்ஓ 1600இல் 1/60 கிடைக்கிறது என்று கொள்வோம். அதே இடத்தில் எஃப் 1.8 ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 1/600க்கு அருகில் எடுக்கலாம். தாலி கட்டும் கணத்தில் அசையும் கைகள் உறைந்து நிற்க இது போதும். ஃபிளாஷ் இல்லாமலே.

ஆனாலும் முதல் நாளே இதை வாங்கச் சொல்லமாட்டேன். இந்தக் கேமராக்களின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவான முழு ஃபிரேமைவிடச் சிறியது. கேனனில் 1.6ஆல் பெருக்க வேண்டும். ஆகவே 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ.யின் பார்வைக் கோணத்தைத் தருகிறது. ஒருவரை உச்சி முதல் பாதம் வரை எடுக்க, கேமராவை நெட்டாகப் பிடித்தாலும் சுமார் 4 மீட்டர் பின்னால் போகவேண்டும். நம் வீட்டு அறைகளில் முதுகு சுவரில் இடித்துவிடும். குடும்பத்தோடு ஒரு குழுப்படம் என்றால் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகவேண்டியதுதான். இன்னொன்று, 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8இல் தெளிவாக இருக்கும் ஆழம் 3 செ.மீ.கூட வராது. முன்னிருக்கும் கண் தெளிவு, அடுத்த கண் மங்கல். ஃபோகஸ் இன்னும் பழகாதவருக்கு இது சோர்வையே தரும்.

கிட் லென்ஸைத் தாழ்வாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அது அந்த லென்ஸுக்குச் செய்யும் அநியாயம். எஃப் 8இல் பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படம் எந்தச் சுவரிலும் மாட்டத் தகுந்தது. பின்னணியும் கரையும்: 55 மி.மீ.க்கு நீட்டி, எஃப் 5.6 வைத்து, ஆளை நெருங்கி, அவருக்கும் பின்சுவருக்கும் இடையே நல்ல இடைவெளி விட்டுப் பாருங்கள். நான் சிபாரிசு செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு வாரம் முழுவதும் லென்ஸை 18 மி.மீ.யில் மட்டும், அடுத்த வாரம் 35இல் மட்டும், அதற்கடுத்து 55இல் மட்டும் வைத்து எடுப்பது. ஜூமைத் திருகாமல் காலால் நடந்து சட்டகம் அமைப்பது. மூன்றாவது வாரம் முடியும்போது உங்கள் கண்ணுக்கு எந்தத் தூரம் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 55 என்றால் 50 மி.மீ. லென்ஸை வாங்குங்கள். 35 என்றால், நிக்கான்காரர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் இருக்கிறது. வீட்டுக்குள் அது 50ஐவிட வசதி. எதையும் அருகில் கொண்டுவரவே மனம் போகிறது, வேடந்தாங்கல் பறவைகள்தான் கனவு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 55-250 மி.மீ. பக்கம் போகலாம்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் இரண்டாம் கை லென்ஸ் வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ‘ஏஎஃப் 50 மி.மீ. 1.8டி’ என்ற பழைய லென்ஸ் விலை மலிவாகக் கிடைக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனன் இஎஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. 1987இல் அந்த லென்ஸ்களை மாட்டும் மவுண்ட் வந்த நாள் முதலே மோட்டார் லென்ஸுக்குள்தான் இருக்கிறது.

ராவா, ஜேபெக்கா?

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு ரா, கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம் ஜேபெக். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி இருக்கிறது, அதையே வையுங்கள். ஜேபெக்கை அன்றே வீட்டாருக்கு அனுப்பலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் வைத்திருக்கிறது. 1500டியின் 14 பிட் ரா கோப்பில் 16,384. ஆறு மாதம் கழித்து, மண்டபத்து மஞ்சள் விளக்கால் வீணான நிறத்தைத் திருத்தத் தெரியும்போது, அந்த ரா கோப்பு இருந்தால்தான் முடியும். மென்பொருளுக்குச் செலவழிக்கவும் வேண்டாம். கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ, பெரும்பாலான கேமராக்களுக்கும் டார்க்டேபிள் என எல்லாமே இலவசம்.

மேனுவலுக்கு எப்போது போகலாம்

ஒளி மாறாமல், காட்சி மட்டும் மாறிக்கொண்டிருக்கும் இடங்களில் மேனுவல் ஏவியை வென்றுவிடும். மணமேடையே நல்ல உதாரணம். விளக்குகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் சட்டகத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி பெரிதாக வந்தால் ஏவி ஒளியைக் குறைக்கிறது, மணப்பெண்ணின் அரக்குச் சேலை பெரிதாக வந்தால் கூட்டுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் முகத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஏவியில் ஒரு படம் எடுத்து, காம்பன்சேஷனால் திருத்தி, முகம் சரியாக வந்ததும் அந்த மூன்று எண்களையும் அப்படியே மேனுவலில் வைத்துவிட்டால், சடங்கு முடியும்வரை தொடவேண்டியதில்லை. இந்த இடத்தில் மேனுவலுக்கு வருபவர் குறியைத் துரத்துவதில்லை, ஏற்கெனவே எடுத்த முடிவைப் பூட்டி வைக்கிறார்.

இன்னோர் இடம் தீபாவளி வாணவேடிக்கை. கறுப்பு வானத்தைப் பார்த்து ஏவி குழம்பிப்போகும். முக்காலியில் கேமராவை ஏற்றி, லென்ஸில் உள்ள ஐஎஸ்ஸையும் ஆட்டோஃபோகஸையும் அணைத்து, தொலைவில் உள்ள தெருவிளக்கில் ஃபோகஸை நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, ஷட்டர் 4 விநாடி. வெடி மேலேறும் சத்தம் கேட்டதும் அழுத்தவேண்டும். விரிந்த பிறகு அழுத்தினால் புகைதான் மிஞ்சும். வெடிகள் நெருக்கமாக வந்து படம் வெளுத்தால் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்குங்கள், ஷட்டரை மாற்றாதீர்கள். கோடுகளின் நீளம் அதில்தான் இருக்கிறது.